செப்டிக் டேங்க் தண்ணீருக்குக் கல்வாழைப் பாத்தி: நாலு வருட அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் வீடு. நாலடி தோண்டினால் பாறை, உறை இறக்கினாலும் தண்ணீர் உறிஞ்சாது. செப்டிக் டேங்கில் வழிவது நேராகத் தெருவுக்குத்தான். அதனால் அந்தத் தண்ணீரை வடிகட்டிச் சுத்தப்படுத்த, 2021இல் பத்துக்கு ஆறு அடியில், மூன்றடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டி, அடியில் ஜல்லி, மேலே மணல், அதில் கல்வாழை வைத்தேன். வீட்டில் ஐந்து பேர்.

ஆறு மாதம் பிரமாதமாக ஓடியது. வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்ப் பூவைக் காட்டினேன். அப்புறம் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிக் கொசு கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா, "தோட்டம்னு சொன்னியே தம்பி, சாக்கடை வாடை அடிக்குதே" என்றார். கொத்திப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்கு மணல் கரியாய்க் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம்.

இரண்டுமே என் தப்பு. எம்-சாண்டை அலசாமல் கொட்டியதில் தூள் அடைத்துக்கொண்டது. தண்ணீரும் நாள் முழுக்க ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. அழுக்கைத் தின்பது கல்வாழை என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் தின்பவை மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும், ஈரம் காயாத மணலில் அது எங்கே புகும்? செடியின் முக்கியமான வேலை, வேரால் மணலை இறுகவிடாமல் வைத்திருப்பது.

மேல் மணலை வாரிவிட்டு அலசிய பருமணல் போட்டேன். மீதியைப் பத்து நாள் காயவிட்டதில் கறுப்பு தானாகப் பழுப்பாக மாறியது! பிறகு சின்னத் தொட்டி ஒன்று, அரை எச்.பி. மோட்டார், மேலே துளையிட்ட பைப். காலையும் மாலையும் பத்து நிமிடம் பாய்ச்சினால் போதும். நாற்றம் நின்றது.

அடுத்த அடி 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில். பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிய மழை அது. மேஸ்திரி மொட்டைமாடி மழைநீர் பைப்பையும் அதே சேம்பரில் சேர்த்திருந்தது அன்றுதான் தெரிந்தது. டேங்கில் படிந்திருந்த கசடு கலங்கி முழுக்கப் பாத்திக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்கள் நிறைய. கனமழையில் வழிவதை அங்கே முதலில் ஒரு தொட்டியில் தேக்கிக் கசடைப் படியவிட்டு, பிறகுதான் நாணல் நட்ட மணல் படுகைக்கு விடுவார்கள். அது மெதுவாக வடிந்ததும் அடுத்த மழை வரை படுகை காய்ந்து காற்று வாங்கும். என் பாத்திக்கு அந்த முதல் தொட்டி இல்லை. மாடி பைப்பைப் பிரித்துவிட்டேன். டேங்கில் சேர்ந்த கசடையும் தள்ளிப்போடாமல் லாரி வைத்து எடுத்தேன்.

வெளிவரும் தண்ணீர் இளமஞ்சள் நிறம், வாடை இல்லை. கிருமி போய்விடாது என்பதால் தென்னைக்கு மட்டும், கீரைக்கு விடுவதில்லை. சின்னத் தொட்டியில் நீர்மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் (மிதவை) அடிக்கடி சிக்கிக்கொள்ளும், கல்வாழையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும்.

மறுபடி கட்டினால் இரண்டு பாத்தியாகத்தான் கட்டுவேன், ஒன்று ஓடும்போது மற்றது காயும். பக்கத்தில் இடமும் இருக்கிறது. அங்கே அம்மா ஆடு கட்டியிருக்கிறார், இன்னும் பேச்செடுக்கவில்லை.