கட்சித் தொழிற்சங்கமா, கட்சி சாராத மீனவர் சங்கமா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்களின் கேள்வி இது.

ஓட்டு: தொழிற்சங்கங்களில் சிஐடியு என்றால் மார்க்சிஸ்ட் கட்சி, தொமுச என்றால் திமுக, தேர்தலில் எதிர்பார்ப்பு தெரிந்ததே. கட்சி சாராத சங்கம் எல்லாக் கட்சிக்கும் மனு கொடுக்கலாம்.

யார் பேச்சு எடுபடும்: இதுதான் முக்கியம். கட்சி சாராத விசைப்படகுச் சங்கத்தில் பெரும்பாலும் உரிமையாளர் குரல்தான். அவர் கவலை டீசல் மானியம், இலங்கையில் பிடிபட்ட படகு. கூலிக்காரர் கவலை வேறு: டீசல், ஐஸ் செலவு கழித்து மிஞ்சும் பங்குக் காசு, அப்புறம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம். ஒரே படகுதான், ஓட்டுக் கணக்கு இரண்டு.

நீடிப்பு: ஆட்சி மாறினால் கட்சிச் சங்கத்தின் செல்வாக்கும் மாறும்.

படகு உள்ளவருக்குக் கட்சி சாராத சங்கம் சரி. கூலிக்காரருக்கும் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் தொழிற்சங்கமே நல்லது என்பேன். சந்தா கட்டினாலும் ஓட்டு ரகசியம்தான்.