ஆர்டி 350 ‘ஃபுல் என்ஜின் வேலை’: கிராங்கைப் பிரிக்காமலே 14,000 ரூபாய் பில் – எச்சரிக்கை

ராஜ்தூத் 350-ஐ (ஆர்டி 350 என்று சொல்வதும் இந்தப் பழைய இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கைத்தான்) குறைந்த செலவில் மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஆர்டி வேலைக்குப் பேர்போன ஒரு பட்டறை (பெயர் வேண்டாம்) போட்ட 42,500 ரூபாய் பில்லும், அந்த என்ஜின் 340 கி.மீ. ஓடி சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்ட) பிறகு வேறோர் இடத்தில் பிரித்தபோது கிடைத்த அளவுகளும்தான் இந்தப் பதிவு.

முதலில் பில். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) வேலை, ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) கிட் இரண்டு சேர்த்து 14,000. பிஸ்டன் செட் இரண்டு 9,000. போரிங் (சிலிண்டரை உள்ளே கடைவது) 3,000. சீல், கேஸ்கெட் 3,500. ஆயில் பம்ப் சர்வீஸ் 1,500. பெயிண்ட், பாலிஷ் 5,500. கூலி 6,000. துண்டுச் சீட்டில் எழுதிய பில். ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் 18% மிச்சம் என்று சொல்லப்பட்டது. பழைய சாமான் ஒன்றும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு ‘காயலான் கடைக்குப் போட்டாச்சு சார்’ என்று பதில்.

வண்டி பார்க்க அழகாக இருந்தது. கேஸ் (என்ஜினின் வெளிக்கூடு) பளபளத்தது, ஹெட் ஃபின் எல்லாம் கறுப்பு, இரண்டாவது உதையில் ஸ்டார்ட். ஏமாறுவது இங்கேதான். ஆர்டியில் மேல்பாகம் மட்டும் புதிதாக இருந்தாலே சத்தம் நன்றாக வரும், இழுவையும் வரும். கீழே கிராங்க் பழையதா புதியதா என்று முதல் இருநூறு கி.மீ.-க்குக் காது கண்டுபிடிக்காது.

பிரித்துப் பார்த்தபோது இரண்டு பிஸ்டனும் சீஸ் ஆகியிருந்தன. ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் அல்ல. வலது பிஸ்டனில் நாலு மூலையிலும் மேலிருந்து கீழாகக் கீறல். சுற்றிலும் இடைவெளி போதாமல் பிஸ்டன் சூட்டில் விரிந்து போரை (சிலிண்டரின் உட்சுவரை) பிடித்தால்தான் இப்படி வரும். இடது பிஸ்டனில் கீறல் சைலன்சர் பக்கம் மட்டும். தலைப்பாகம் வெளுத்து, பிளக்கும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. அது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதன் அடையாளம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோல் கலவையோடுதான் உள்ளே போகிறது. கலவை மெலிந்தால் சூடு ஏறுவதோடு உயவும் சேர்ந்தே குறையும்.

வலது பக்கத்துக் கணக்கு எளிது. ஆர்டியின் ஸ்டாண்டர்டு போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54. போட்டவை 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன்கள். மேலே இரண்டிலும் 0.50 என்றே அடித்திருந்தது. மைக்ரோமீட்டர் வைத்தால் வலது 64.46, இடது 64.44. போர் இரண்டுமே 64.48. அதாவது பிஸ்டனை அளக்காமல், முத்திரையை நம்பி இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்குக் கடைந்திருக்கிறார்கள். ஆர்டிக்கு வேண்டிய இடைவெளி 0.040 முதல் 0.045 மி.மீ. வரை. லேத்தில் ‘ஒன்றரை தௌ, ஒன்றேமுக்கால் தௌ’ என்பார்களே, அதுதான் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடது பக்கம் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. வலது பக்கம் பாதிதான் இருந்தது. காற்றில் ஆறும் என்ஜினுக்கு 0.02 போதவே போதாது.

கடையில் கிடைக்கும் பிஸ்டன்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு மாறும் என்பது பழைய விஷயம். அதனால்தான் பிஸ்டன் கைக்கு வராமல் போரிங்குக்கு சிலிண்டரை அனுப்பக் கூடாது. பிஸ்டனை அளக்கும் இடமும் முக்கியம்: ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதியின்) அடி விளிம்பிலிருந்து 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில். அளந்ததை மார்க்கர் பேனாவால் பிஸ்டன் தலையில் எழுதி, இடது வலது என்று குறித்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தப் போர் என்று லேத்காரரிடம் கொடுக்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது. கால் மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சிலிண்டர்களில் இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. போரிங் முடிந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் துளை) விளிம்புகள் கத்திபோல் நிற்கும். அவற்றைச் சின்னக் கல்லாலோ ஊசி அரத்தாலோ அரை மில்லி அளவுக்கு மழுக்க வேண்டும். செய்யவில்லையென்றால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த விளிம்பில் இடிக்கும். இங்கே ரிங் உடையவில்லை, ஆனால் முகத்தில் வெட்டு விழுந்திருந்தது. ஹானிங் (போரைக் கல்லால் தேய்த்து நயமாக்குவது) செய்த தூசியும் கழுவப்படவில்லை. பெட்ரோலில் கழுவினால் அந்தத் துகள் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும்.

இப்போது இடது பக்கம். பெரிய மோசடி இங்கேதான்.

ஆர்டியின் கேஸ் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியும். கிராங்க் நடுவில் படுத்திருக்கும். இடது முனையில் டைனமோவும் பாயிண்டும் (தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் சுவிட்ச்), வலது முனையில் கிளட்ச் பக்கத்துப் பல்சக்கரம். இரு முனையிலும் ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). சீலின் வெளிவிளிம்பில் ஒரு மேடு சுற்றி ஓடும், அது கேஸில் உள்ள பள்ளத்தில் உட்காரும். ஆகவே கேஸைப் பிரிக்காமல் சீலை முறையாக மாற்ற வழியில்லை. இந்த என்ஜினில் இடது சீல் புதிது, ஆனால் மேட்டைப் பிளேடால் சீவிவிட்டு வெளியிலிருந்து தட்டி ஏற்றி, ஓரத்தில் சிலிகான் தடவியிருந்தார்கள். டூ-ஸ்ட்ரோக் கேஸுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி வரும். பிடிப்பில்லாத சீல் அந்த இழுபறியில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, அந்த இடுக்கு வழியாக வெறும் காற்று உள்ளே போயிருக்கிறது. கார்ப்பரேட்டரில் எந்த ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

வலது சீல் பழையதே. அது கசிந்தால் விளைவு வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். தரையில் ஒரு சொட்டு விழாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே போனால், வலது சைலன்சர் மட்டும் விடாமல் புகைந்தால், காரணம் இதுதான். ‘ஆர்டின்னா புகையத்தான் செய்யும்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கேஸைப் பிரிக்கவில்லை என்றால் கிராங்கும் வெளியே வந்திருக்க முடியாது. 14,000 ரூபாய் கிராங்க் வேலை நடந்ததா இல்லையா என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் அளந்தோம். ராடின் மேல் முனையைப் பக்கவாட்டில் ஆட்டினால் புதிதாக இருக்கும்போது 0.8 முதல் 1.0 மி.மீ., 2.0 தாண்டினால் மாற்ற வேண்டும். இங்கே இடது 2.3, வலது 2.1. ராட் கிட் என்று சொன்னவை, சிலிண்டரைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும் மேல்பகுதி வரை மட்டும் எமரி பேப்பரால் பளபளப்பாக்கிய பழைய ராடுகள். கீழே பழுப்பு அப்படியே இருந்தது.

கிராங்க் வேலை என்றால் என்ன என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கேள்வி கேட்க வசதி. இது அழுத்திப் பொருத்திய கிராங்க். பிரஸ்ஸில் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ராட், பின், ஊசி பேரிங், வாஷர், நாலு மெயின் பேரிங், நடுவில் இரண்டு அறைகளையும் பிரிக்கும் லாபிரிந்த் சீல் ஆகியவற்றைப் பார்த்து மாற்றி, 180 டிகிரி கோணம் தவறாமல் திரும்ப அழுத்த வேண்டும். பிறகு டயல் கேஜ் (முள் காட்டும் அளவுக் கருவி) வைத்துச் சுற்றிப் பார்த்து, ஓட்டம் (சுழலும்போது வரும் ஆட்டம்) 0.03 மி.மீ.-க்குள் வரும்வரை நேர் பண்ண வேண்டும். இதை எல்லா லேத்திலும் செய்ய மாட்டார்கள். யாரிடம் அனுப்புகிறீர்கள் என்று பட்டறையில் கேளுங்கள். ‘நாங்களே இங்க பண்ணிடுவோம்’ என்று சொன்னால் பிரஸ் எங்கே இருக்கிறது, டயல் கேஜ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுத்தியல் மட்டும் தெரிந்தால் கிளம்பிவிடலாம்.

சீல் வேலையை வீட்டிலேயே சோதிக்கலாம், அதிகம் போனால் சில நூறு ரூபாய். இரண்டு கார்ப்பரேட்டர் வாய், இரண்டு சைலன்சர் வாய் நான்கையும் ரப்பர் அடைப்பால் மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடிச் சோதிப்பது வீண், ஏனென்றால் நடுவிலுள்ள லாபிரிந்த் சீல் காற்றை முழுதாகத் தடுக்காது. அடைப்புகளில் ஒன்றில் ஒரு குழாயைச் செருகி, பழைய பிபி கருவியின் பந்தையும் முள்ளையும் இணைத்தால் போதும். அந்த முள்ளில் 300 (மி.மீ. பாதரசம்) வரை ஏற்றிவிட்டு விடுங்கள். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கக் கூடாது, ஆறு நிமிடம் பாருங்கள். இறங்கினால் சோப்பு நீர் தெளித்துத் தேடுங்கள். இடது சீல் என்றால் டைனமோவுக்குப் பின்னால் நுரைக்கும். வலது சீல் என்றால் கியர் ஆயில் ஊற்றும் வாயில் குமிழி வரும். அதற்கு மேல் பிபி கருவியில் ஏற்றாதீர்கள், நல்ல சீலே பிதுங்கிவிடும். பட்டறைக்காரர் முன்னாலேயே இதைச் செய்துகாட்டச் சொல்லி வண்டியை எடுப்பது உத்தமம். சொல்லும்போதே முகம் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

டைமிங்கும் தவறாக இருந்தது. ஆர்டிக்கு பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன் தீப்பொறி. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட், தனித்தனியாக வைக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4. இங்கே வலது 2.0, இடது 2.7. ஏற்கெனவே மெலிந்த கலவை, அதற்கு மேல் முன்கூட்டியே தீ. பிளக் துளையில் டயல் கேஜ் வைக்காமல் கண்மட்டத்தில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

1,500 ரூபாய் ஆயில் பம்ப் சர்வீஸைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. என்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் அந்தப் பம்ப்பைக் கழற்றி மூடிவிட்டு, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுங்கள் என்றார்கள். பம்ப் இல்லாமல் ஓட்டுவது தவறில்லை, பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பழைய முறைக்கு 20-க்கு 1, இப்போதைய நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலில் 30-க்கு 1 என்று அளவு சொல்ல வேண்டுமே. ‘லிட்டருக்கு ஒரு மூடி’ என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த மூடி?

பட்ஜெட் குறைவு என்றால் பணம் எங்கே போக வேண்டும்? கிராங்க், சீல், பேரிங் முதலில். பிறகு அளந்து அடித்த போர், நல்ல பிஸ்டன், புது சர்க்ளிப் (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்). பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போட அனுமதிக்காதீர்கள், ஐந்து ரூபாய் சாமான் ஒரு சிலிண்டரையே தின்றுவிடும். பாலிஷ், பெயிண்ட், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (ரேஸ் வகை சைலன்சர்) எல்லாம் கடைசியில். இந்தப் பில்லில் பாலிஷ் வேலை மட்டும்தான் சொன்னபடி முழுதாக நடந்திருந்தது.

வண்டியை விடும்போது கேஸில் உள்ள என்ஜின் நம்பர், கார்ப்பரேட்டர், ஹெட், சிலிண்டர் வார்ப்பு எழுத்துகள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசியால் ஒரு குறி போடுங்கள், சிலிண்டரைக் கழற்றும்போது ராடிலும். கேஸ் மேல்பாதியும் கீழ்பாதியும் ஜோடியாகக் கடைந்தவை. ஒரு பாதி மட்டும் புதுப்பேட்டையிலிருந்து (சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தை) வந்தால் பேரிங் சரியாக உட்காராது. நல்ல கேஸைக் கழற்றி விற்றுவிட்டு, வேறு கேஸில் உங்கள் நம்பரைப் பஞ்ச் பண்ணித் தருவதும் நடக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது அந்த நம்பரை ஆர்டிஓவில் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்வது நீங்கள்.

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். அதில் ‘என்ஜின் வேலை’ என்று ஒரே வரி வேண்டாம். பிஸ்டன் அளவு, போர் அளவு, கிராங்க் ஓட்டம் மூன்றையும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். பழைய சாமான்களைத் திரும்பக் கொடுப்பதாக முன்பே ஒப்புக்கொள்ள வையுங்கள். பில் இல்லாமல் மாட்டியிருந்தாலும் யுபிஐ வரவும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான், அழிக்காதீர்கள். பிரிக்கும்போது இன்னொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இந்த வேலையில் சீவிய சீலையும் பளபள ராடையும் மேசையில் வைத்து அளவுச் சீட்டையும் காட்டியபோது, கிராங்க் பணம் 14,000 திரும்ப வந்தது. மற்றது வரவில்லை. சீஸ் ஆன போர்கள் இப்போது 0.75 ஓவர்சைஸுக்குக் கடையப்பட்டிருக்கின்றன. கம்பெனிக் கணக்கில் 1.00 வரைதான் போகலாம். இனி அந்தச் சிலிண்டர்களில் ஒரே ஒரு போரிங் மிச்சம்.