மங்கலான நெபுலா, ஆட்டோகைடிங் கிடையாது: 1000 மிமீ நியூட்டோனியனா, 250 மிமீ குட்டி ரிஃப்ராக்டரா?

ரெண்டு வருஷமா ஒரே மவுண்ட்ல (வானம் சுத்துறதைப் பின்தொடர்ற ஸ்டாண்ட்) இந்த ரெண்டு டெலஸ்கோப் டியூபையும் மாத்தி மாத்தி ஏத்தி நெபுலாவை (விண்வெளில இருக்குற வாயு, தூசி மேகம்) போட்டோ எடுத்துட்டு இருக்கேன். முதல்ல வாங்கினது 200 மிமீ விட்டம், 1000 மிமீ ஃபோகல் லென்த், எஃப்/5 (ஃபோகல் லென்த்தை விட்டத்தால வகுத்தது) நியூட்டோனியன், அதாவது கண்ணாடியால வெளிச்சம் சேக்குற டெலஸ்கோப். ஒரு வருஷம் அதோட போராடிட்டு அப்புறம்தான் 51 மிமீ விட்டம், 250 மிமீ ஃபோகல் லென்த் உள்ள குட்டி ரிஃப்ராக்டர் (லென்ஸ் வச்ச டெலஸ்கோப்) வந்துச்சு. முதல்லயே சொல்லிடறேன், கைடிங் (இன்னொரு கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே மவுண்ட்டை தானா திருத்தறது) இல்லாம எடுக்குறதா இருந்தா நான் குட்டி பக்கம்தான். ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ எழுதுறேன்.

மவுண்ட் ஈக்யூ5 வகை, மோட்டார் போட்டது. கைட் ஸ்கோப், கைட் கேமரா எதுவும் கிடையாது, வெளிய லேப்டாப்பும் வைக்கறதில்ல. கேமரா பழைய டிஎஸ்எல்ஆர், பிக்சல் 4.3 மைக்ரான், உள்ள இருக்குற சிவப்பை அடைக்குற ஃபில்டரை எடுத்தாச்சு. மங்கலான நெபுலால பெரும்பாலும் நமக்கு வேண்டியது ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது 656 நானோமீட்டர்ல வர்ற சிவப்பு, கடைல வாங்கின டிஎஸ்எல்ஆர் அப்படியே இருந்தா அதுல சுமார் கால்வாசியைத்தான் உள்ள விடும், அதனால எந்த டெலஸ்கோப்ங்கிற கேள்விக்கு முன்னாடியே அதை முடிச்சுட்டேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயங்களை வேகமா தாண்டிடறேன். நியூட்டோனியன் கனம், ஈக்யூ5 வகை மவுண்ட்டுக்கு கிட்டத்தட்ட தாங்குற எல்லைலயே நிக்கும், லேசா காத்து வீசினாலே பாய்மரம் மாதிரி பிடிச்சுக்கும், காலிமேஷன் (கண்ணாடிகளை ஒரே நேர்ல நிறுத்தறது) அடிக்கடி பாக்கணும், ஓரத்து ஸ்டார்ஸ் வால் முளைச்ச மாதிரி தெரியாம இருக்க கோமா கரெக்டர் வேணும். குட்டி ரிஃப்ராக்டர்ல இதெல்லாம் இல்ல, ஆனா அதே விலைக்கு விட்டம் ரொம்ப கம்மி, கண்ணால பாக்க பெருசா ஒண்ணும் தெரியாது. பாக்கவும் வேணும் எடுக்கவும் வேணும்னா நியூட்டோனியனை விட்டுக்கொடுக்க மனசு வராது, எனக்கும் வரல, இன்னும் வீட்லதான் இருக்கு.

இப்ப முதல் குழப்பம். "200 மிமீ கண்ணாடி 51 மிமீ லென்ஸை விட 15 மடங்கு வெளிச்சம் வாங்குமே, அப்ப மங்கலான நெபுலாவுக்கு அதுதானே நல்லது"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா 1000 மிமீல அந்த வெளிச்சம் 16 மடங்கு பரப்புல விரியுது. ரெண்டுமே ஏறக்குறைய எஃப்/5, அதனால நெபுலா மாதிரி பரந்து கிடக்குற பொருள்ல ஒரு பிக்சலுக்கு விழுற வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரே 30 செகண்ட் ஃப்ரேமை ரெண்டுலயும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா நெபுலா ஒரே மங்கலாத்தான் தெரியும், ஒண்ணுல பெருசா, ஒண்ணுல சின்னதா. பெரிய டியூப் கூடுதலா தர்றது நுணுக்கம். அந்த நுணுக்கத்தைத்தான் கைடிங் இல்லாத மவுண்ட் முதல்ல சாப்பிட்டுடுது.

இங்கதான் எல்லாமே முடிவாகுது, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

மவுண்ட்டோட ஆர்ஏ அச்சுல (வானம் சுத்துற கிழக்கு-மேற்கு திசைல டியூபைத் திருப்புற அச்சு) ஒரு வார்ம் கியர் இருக்கு, அதாவது பல்சக்கரத்தைத் திருப்புற திருகு. என்னோடதுல பெரிய பல்சக்கரத்துக்கு 144 பல், வானம் ஒரு சுத்து சுத்த 23 மணி 56 நிமிஷம், அதை 144ஆல வகுத்தா வார்ம் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 10 நிமிஷம் எடுத்துக்குது. அந்த வார்ம் பக்காவா கடைஞ்சிருக்காது, அதனால ஒவ்வொரு 10 நிமிஷத்துலயும் மவுண்ட் கொஞ்சம் முந்திப் போகும், அப்புறம் கொஞ்சம் பிந்தும். இதுக்குப் பேர் பீரியாடிக் எரர். என் மவுண்ட்ல அளந்து பாத்தப்ப முந்தறதுக்கும் பிந்தறதுக்கும் நடுவுல 30 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு) வந்துச்சு. இந்த வகை மவுண்ட்டுக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்ல.

இதை சைன் வேவா எடுத்துக்கிட்டு கணக்கு போட்டா, அலை வேகமா ஓடுற இடத்துல 30 செகண்ட் எக்ஸ்போஷர்ல ஸ்டார் 4.7 ஆர்க்செகண்ட் நகரும். அலை திரும்புற முனைல அதே 30 செகண்ட்ல 0.2 ஆர்க்செகண்ட்தான். இப்ப பிக்சல் அளவுக்கு வாங்க. பிக்சல் மைக்ரானை 206ஆல பெருக்கி ஃபோகல் லென்த்தால வகுத்தா ஒரு பிக்சல் எத்தனை ஆர்க்செகண்ட்னு வந்துடும். என் கேமராவுக்கு 1000 மிமீல 0.89, 250 மிமீல 3.55. ஆக அதே மோசமான 30 செகண்ட்ல நியூட்டோனியன்ல ஸ்டார் 5 பிக்சலுக்கு மேல இழுத்துடும், குட்டில 1.3 பிக்சல்தான் நகரும். மவுண்ட் அதே, ராத்திரி அதே, தப்பும் அதே, ஒண்ணுல அரிசி மாதிரி நீண்டு தெரியுது, இன்னொண்ணுல உருண்டையாவே இருக்கு.

நியூட்டோனியன்ல எடுத்த ஃப்ரேம்களை வரிசையா தட்டிப் பாத்தா இது கண் முன்னாடியே தெரியும். ரெண்டு மூணு ஃப்ரேம் நல்லா உருண்டையா வரும், அடுத்து முட்டை மாதிரி, அப்புறம் நாலஞ்சு ஃப்ரேம் கோடு, மறுபடி முட்டை, மறுபடி ரெண்டு மூணு உருண்டை. மூச்சு விடுற மாதிரி அப்படியே போயிட்டு இருக்கும். ரொம்ப நாள் நான் இதை போலார் அலைன்மென்ட் (மவுண்ட்டோட அச்சை வானத்தோட துருவத்துக்கு நேரா நிறுத்தறது) தப்புன்னு நெனச்சு அதையே திருப்பித் திருப்பி சரி பண்ணிட்டு இருந்தேன். போலார் அலைன்மென்ட் 5 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட்னா 60 ஆர்க்செகண்ட்) தள்ளி இருந்தாக்கூட அதிகபட்சம் ஒரு நிமிஷத்துக்கு 1.3 ஆர்க்செகண்ட்தான் நகரும், 30 செகண்ட்ல அது ஒண்ணுமே இல்ல. கேமராவை திருப்பி ஃப்ரேமோட நீளப்பக்கம் ஆர்ஏ திசைல வர்ற மாதிரி வச்சுக்கோங்க, கோடு நீளவாக்குல இழுத்தா குத்தம் பெரும்பாலும் வார்ம்தான், மேல கீழ இழுத்தாதான் போலார் அலைன்மென்ட் பக்கம் பாக்கணும்.

இப்ப தேறுற ஃப்ரேம் கணக்கு. ரோசெட் நெபுலாவை நியூட்டோனியன்ல ஒரு மணி நேரம், 30 செகண்ட்ல 120 ஃப்ரேம் எடுத்தேன். நட்சத்திரம் 2 ஆர்க்செகண்ட்டுக்கு மேல இழுத்ததெல்லாம் தூக்கிப் போட்டதுல தேறினது 35. பதினேழரை நிமிஷம்! குட்டில அதே 120ல சேட்டிலைட், மேகம், காத்துன்னு கழிச்சும் 105 தேறிச்சு, அதாவது 52 நிமிஷத்துக்கு மேல. மங்கலான நெபுலாவுக்கு மூணு நாலு மணி நேர வெளிச்சமாவது சேரணும், நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளிப் புள்ளியான இரைச்சல்) ஸ்டாக் பண்ற, அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற, ஃப்ரேம் எண்ணிக்கையோட வர்க்கமூலத்துலதான் குறையும், நாலு மடங்கு எடுத்தாதான் ரெண்டு மடங்கு சுத்தம். அப்ப நியூட்டோனியன்ல மூணு மணி நேரம் தேத்தணும்னா பத்து மணி நேரத்துக்கு மேல ஷட்டர் திறந்திருக்கணும். நிலா இல்லாத, மேகம் இல்லாத ராத்திரி எத்தனை கிடைக்குதுன்னு இதுல இருக்குற எல்லாருக்கும் தெரியும். அதுல பத்துக்கு ஏழு விழலுக்கு இறைச்ச நீரா போறதை என்னால தாங்கிக்க முடியல, டியூபை மாத்துனதுக்கு உண்மையான காரணம் இதுதான்.

எக்ஸ்போஷரை 15 செகண்டா குறைச்சா என்னன்னு கேப்பீங்க. பண்ணிப் பாத்தேன். நியூட்டோனியன்லயே மூணுல ரெண்டு தேறும். வானம் வெளிச்சமான இடத்துல இது ஓரளவுக்கு ஓடும், ஏன்னா அங்க வானத்தோட வெளிச்சமே கேமராவோட ரீட் நாய்ஸை (ஒவ்வொரு ஃப்ரேமையும் படிக்குறப்ப கேமராவே சேக்குற இரைச்சல்) முழுங்கிடும், நீளமா எடுத்தாலும் பெருசா லாபம் இல்ல. ஆனா இருட்டான வானத்துலயோ, நாரோபேண்ட் ஃபில்டர் (ஒரு குறுகலான நிறத்தை மட்டும் விடுறது) போட்டோ எடுத்தா 15 செகண்ட்ல ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) இருட்டான இடது ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ரீட் நாய்ஸ் ஒரு பங்கு வாங்கிக்கும். என் பழைய டிஎஸ்எல்ஆர்ல அது நல்லாவே தெரிஞ்சுது. புது சீமாஸ் அஸ்ட்ரோ கேமராக்கள்ல ரீட் நாய்ஸ் ரொம்ப கம்மி, அது இருக்குறவங்களுக்கு நான் சொல்ற அளவுக்கு அடி விழாது. ஒரு ராத்திரி மட்டும் நண்பரோட கேமராவுல பாத்ததை வச்சு சொல்றேன், அதுக்கு மேல இதுல உறுதியா பேச மாட்டேன்.

இன்னொரு விஷயம், இதை எனக்கு யாரும் ஆரம்பத்துல சொல்லல. பீரியாடிக் எரர் வானத்துல எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அடிக்காது. டெக்ளினேஷன் (வானத்தோட நடுக்கோட்டுல இருந்து வடக்கு-தெற்கா எத்தனை டிகிரின்றது) ஏற ஏற அதோட காஸைன் அளவுக்கு குறையும். ரோசெட் +5 டிகிரில இருக்கு, அடி முழுசா விழும். ஹார்ட் நெபுலா +61ல இருக்கு, காஸைன் 0.48, அதனால அடி பாதிதான். ரோசெட்ல 30 செகண்ட்தான் போக முடியுற என் குட்டி டியூப், ஹார்ட்ல 60 செகண்ட் போனாலும் அதே 1.3 பிக்சல்லயே நிக்குது. நார்த் அமெரிக்கா நெபுலா +44ல நடுவுல வருது. டார்கெட் தேர்ந்தெடுக்குறப்ப இந்த ஒரு கணக்கை போட்டுட்டு போனா காசு செலவில்லாம எக்ஸ்போஷர் கூடிடும்.

குட்டிக்கு இன்னொரு வசதி, மங்கலான நெபுலால நெறைய பெருசு. கலிஃபோர்னியா நெபுலா ரெண்டரை டிகிரி நீளம், வெய்ல் (Veil) நெபுலா மூணு டிகிரி பரவிக் கிடக்கு. 250 மிமீல என் சென்சாருக்கு 5 டிகிரிக்கு மூணரை டிகிரி கிடைக்குது, 1000 மிமீல 1.3க்கு 0.85. கலிஃபோர்னியாவை நியூட்டோனியன்ல எடுக்கணும்னா மொசைக்தான் (துண்டு துண்டா எடுத்து ஒட்டறது), கைடிங் இல்லாம மொசைக்னு நெனச்சாலே தலை சுத்துது.

ஆனா நியூட்டோனியனுக்கு நியாயமா சொல்ல வேண்டியதையும் சொல்லணும். கிரெசன்ட் நெபுலா 18 ஆர்க்மினிட் நீளம், குட்டில 300 பிக்சல்தான், நியூட்டோனியன்ல 1200. ஹார்ஸ்ஹெட் குட்டில ஏறக்குறைய 100 பிக்சல் உயரத்துக்குதான் வரும், குதிரைன்னு தெரியும், அவ்ளோதான். நியூட்டோனியன்ல தேறின ஃப்ரேம்களை ஸ்டாக் பண்ணி படத்தை பாதியா சுருக்கினா, அந்த சின்ன இடத்தைப் பொறுத்தவரை பெரிய கண்ணாடி வாங்கின கூடுதல் வெளிச்சம் நெஜமாவே கைகொடுக்கும். எம்27, எம்57 மாதிரி பளிச்னு இருக்குற சின்ன நெபுலாக்கள்னா 15 செகண்டே போதும், அங்க நியூட்டோனியன்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்ல. சின்னதாவும் மங்கலாவும் இருக்குறதுதான் கைடிங் இல்லாம கையை கட்டிப் போடுது.

ஹார்ஸ்ஹெட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதை 1888ல வில்லியமினா ஃப்ளெமிங் ஹார்வர்ட்ல ஒரு கண்ணாடித் தட்டுல பாத்துதான் கண்டுபிடிச்சாங்க. அந்தக் காலத்துல கைடிங்னா ஒரு ஆள் ஐபீஸ்ல கண்ணை வச்சு, நட்சத்திரம் நூல் இழைய விட்டு நகராம மணிக்கணக்கா கையால திருத்திட்டு நிக்கறது. அமெரிக்க வானியலாளர் பார்னார்ட் அப்படி நின்னு எடுத்த படங்களைப் பாக்குறப்ப எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

குட்டியா இருந்தாலும் கைடிங் இல்லாததால ஒரு பிரச்சனை விடாது, அது வாக்கிங் நாய்ஸ். போலார் அலைன்மென்ட் தப்பு 30 செகண்ட்ல தெரியாதுன்னு சொன்னேன்ல, அதே 5 ஆர்க்மினிட் ஒரு மணி நேரத்துல 20 பிக்சலுக்கு மேல படத்தை ஒரே திசைல நகத்திடும். ஸ்டாக் பண்றப்ப ஸ்டார்ஸை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா சென்சாரோட ஹாட் பிக்சல்களும் கறைகளும் எதிர்ப்பக்கம் கோடு கோடா, சாஞ்ச மழை மாதிரி விழும். நெபுலாவோட மங்கலான ஓரம் அதுலயே காணாம போயிடும். கைடிங் இருக்குறவங்களுக்கு டிதரிங் (ஃப்ரேம்களுக்கு நடுவுல படத்தை அங்க இங்க கொஞ்சம் நகத்தறது) தானா நடக்கும். நான் பத்து ஃப்ரேமுக்கு ஒரு தடவை ஹேண்ட் கன்ட்ரோலர்ல மெதுவான வேகத்துல ஒரு தட்டு தட்டுவேன், ஒரு தடவை ஆர்ஏ, ஒரு தடவை டெக் (வடக்கு-தெற்கு), திசையை மாத்தி மாத்தி. தட்டினதும் அடுத்த ஃப்ரேம் வீணாப் போகும், பரவால்ல. இதை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் டார்க் ஃப்ரேம் (மூடி போட்டு எடுத்து சென்சாரோட கறையைக் கழிக்குற ஃப்ரேம்) இல்லாமலே பின்னணி சுத்தமாச்சு. அப்புறம் டியூபை ஆர்ஏல சரியா பேலன்ஸ் பண்ணாம கிழக்குப் பக்கம் ஒரு பொட்டு கனமா விடுங்க, பல்லு ஒரே பக்கமா அழுந்தி நிக்கும், ஸ்டார் திடீர்னு குதிக்கறது குறையும்.

135 மிமீ எஃப்/2 கேமரா லென்ஸ் இதை விட நல்லதான்னு சிலர் கேக்கறாங்க. கணக்குப்படி பாத்தா நல்லதுதான், ஒரு பிக்சல் 6.6 ஆர்க்செகண்ட், என் மவுண்ட்ல 60 செகண்ட்கூட ஒண்ணரை பிக்சலுக்குள்ள, ஹார்ட் நெபுலாவும் அதுக்குப் பக்கத்துல இருக்குற சோல் நெபுலாவும் ஒரே ஃப்ரேம்ல உக்காரும். ரெண்டு ராத்திரி கடன் வாங்கி எடுத்தேன், எஃப்/2.8க்கு அடைச்சா மூலைல ஸ்டார்ஸ் ஒழுங்கா வந்துச்சு, ஆனா ஃபோகஸ் ராத்திரி குளிர குளிர ஓடிட்டே இருந்துச்சு, அடிக்கடி பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியான்னு காட்டுற, கோடு கோடா வெட்டின மூடி) போட்டு பாக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டு ராத்திரியை வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஏற்கனவே நியூட்டோனியன் வச்சிருக்குறவங்க அதை வித்துட்டு குட்டி வாங்கணும்னு நான் சொல்லல. இருக்குற மவுண்ட்ல முதல்ல 20 நிமிஷம் விடாம 30 செகண்ட் ஃப்ரேம் எடுங்க, ஃப்ரேம் அடுக்குற சாஃப்ட்வேரான சிரில்லயோ டீப்ஸ்கைஸ்டாக்கர்லயோ போட்டு எத்தனை தேறுதுன்னு எண்ணுங்க. பாதிக்கு மேல தேறினா உங்க வார்ம் என்னோடதை விட நல்லது, கொஞ்ச நாள் அதுலயே ஓட்டலாம். பத்துக்கு மூணுன்னா குட்டிக்கோ கைட் கேமராவுக்கோ காசு சேக்க ஆரம்பிங்க. நான் இப்ப ஹார்ட் நெபுலாவை 60 செகண்ட்ல சேத்துட்டு இருக்கேன், மொத்தம் நாலு மணி நேரம் தாண்டியாச்சு. நடுவுல இருக்குற மெலோட் 15ங்கிற நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டின தூசித் தூண்கள் ஒரு சின்னக் கறையா தெரிய ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ரெண்டு ராத்திரி கிடைச்சா அந்தக் கறை ரெண்டா பிரியுதான்னு பாக்கணும்.