சூரிய ஒளியில் எரியும் வீட்டு எண் பலகை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில் வசிக்கும் நான், 2025 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைப் படித்து முடித்த இரவில் இந்தப் பலகையை வாங்கினேன். தவறான வீட்டுக்குள் காவல் படை கதவை உடைத்துப் புகுந்த வழக்கு அது. என் வீட்டுக்கு அப்படி நேராமலிருக்க என்னால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டது, இருட்டிலும் எண் தெரியும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் இந்தச் சூரிய மின்கலப் பலகைதான். எதற்காக வாங்கினேனோ அந்த நோக்கத்தை வைத்தே இதை மதிப்பிடுவது நேர்மை என்று கருதுகிறேன்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியத் தகட்டில் வெண்ணிற எண்கள் பொருந்தியுள்ளன. ஒவ்வொரு எண்ணும் நான்கரை அங்குல உயரம். இங்குள்ள கட்டட விதிகள் கேட்கும் குறைந்தபட்ச உயரமான நான்கு அங்குலத்தை விடச் சற்றே பெரியது. மேல் விளிம்பில் மின்கலமும், எண்களுக்குப் பின்புறம் சிறு விளக்குகளும் இருக்கின்றன. நான்கு திருகாணிகளை வைத்துச் செங்கல் சுவரில் பொருத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, மழை பெய்யும் இரவிலும், கண்ணாடி அணியாத என் மனைவியால் எண்ணைப் படிக்க முடிந்தது. பழைய பித்தளை எண்களோ வாசல்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். 45 டாலருக்கு இது நல்ல பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மார்ட்டின் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற அந்த வழக்கின் விவரங்களை மறுபடி வாசிக்கும்போது, இந்தப் பலகை அங்கே இருந்திருந்தாலும் எதையும் தடுத்திருக்காது என்றே படுகிறது. 2017 அக்டோபர் 18 அன்று விடிவதற்கு முன், கூட்டரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் ஸ்வாட் எனப்படும் சிறப்பு ஆயுதப் படை அட்லாண்டா புறநகர் வீடொன்றின் கதவை உடைத்து, கண்ணைக் கூசச் செய்து காதை அடைக்கும் குண்டை வீசிவிட்டு உள்ளே நுழைந்தது. தேடப்பட்டவர் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர். அவர் வீடு பக்கத்திலேயே வேறொரு தெருவில், பார்வைக்கு இதைப் போலவே இருந்தது. உடைக்கப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் ஒரு பெண், அவருடைய துணைவர், ஏழு வயது மகன். பெரியவர்கள் இருவரும் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டனர். துணைவரை வெளியே இழுத்து விலங்கிட்டு, முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக் கேள்வி கேட்டபோதுதான், அவர் சொன்ன முகவரி வேறாக இருப்பது தெரியவந்தது. தெருப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. அஞ்சல் பெட்டியில் வீட்டு எண் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. தம்முடைய ஜி.பி.எஸ். கருவி அங்கே கொண்டுவந்து விட்டது என்று படையை நடத்திச் சென்ற அதிகாரி சொன்னார். அந்தக் கருவியை அவர் பிறகு தூக்கி எறிந்துவிட்டதால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. அன்றே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு, மேலதிகாரியின் பெயர் கொண்ட அட்டையைக் கொடுத்துச் சென்றார்.

எண் தெரியாமல் நேர்ந்த தவறு அல்ல இது. பார்க்க நேரம் ஒதுக்காத முறையால் நேர்ந்த தவறு. நேரம் என்று நான் சொல்வது எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளந்து பார்த்தேன். கதவைத் தட்டி, தாங்கள் யார் என்று அறிவித்து, 15 முதல் 20 வினாடி காத்திருந்துவிட்டுக் கதவை உடைத்தது தகும் என்று 2003 டிசம்பரில் ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்த வழக்கில் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது அவர் காதில் விழவேயில்லை. என் வீட்டில், மேல்தளப் படுக்கையிலிருந்து எழுந்து, கண்ணாடியைத் தேடி அணிந்து, பதினான்கு படிகள் இறங்கி, வாசல் கதவின் தாழ்ப்பாளை விலக்க எனக்கு 38 வினாடி ஆனது. அதுவும் விழித்திருந்து, தயாராக நின்று பார்த்த சோதனை. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த என் தாயாருக்கு, முழங்கால் வலியோடு, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். நீதிமன்றம் போதும் என்று சொன்ன நேரத்தில் அவர் கட்டிலை விட்டு எழுந்து நின்றிருப்பார், அவ்வளவுதான். அறிவித்துக் காத்திருக்கும் விதியை மீறி நுழைந்தாலும், கிடைத்த சான்றுகளை விசாரணையில் பயன்படுத்தத் தடையில்லை என்று அதே நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தபின், அந்தச் சில வினாடிகளுக்கும் பெரிய காவல் ஏதும் மிஞ்சவில்லை.

1960களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் உருவான ஸ்வாட் படைகள், பணயக்கைதிகளை மீட்பது, உள்ளிருந்து சுடுபவரை மடக்குவது போன்ற அரிய நெருக்கடிகளுக்கானவை. அமெரிக்கச் சிவில் உரிமைகள் ஒன்றியம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அது பரிசீலித்த ஸ்வாட் நடவடிக்கைகளில் 79 விழுக்காடு வீட்டுச் சோதனை ஆணைகளை நிறைவேற்றுவதற்காகவே நடந்திருந்தன. பெரும்பாலும் போதைப்பொருள் தேடல். பணயக்கைதி போன்ற உண்மையான நெருக்கடிகள் 7 விழுக்காடு மட்டுமே. இடையில் ராணுவத்தின் உபரித் தளவாடங்களை உள்ளூர்க் காவல் துறைகளுக்கு வழங்கும் 1033 திட்டம் வந்தது. 1990களிலிருந்து 700 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள்கள் இப்படிக் கைமாறியுள்ளன. கண்ணிவெடியைத் தாங்கும் கவச வண்டிகளும் அவற்றில் அடக்கம். அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று என்னை மிகவும் உறுத்துகிறது: பெற்ற தளவாடத்தை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். போர்க்களத்துக்கு ஏற்ற கருவியும் பயிற்சியும் கையில் இருக்கும்போது, பகலில் வந்து அழைப்பு மணியை அழுத்தி, முகவரியை ஒருமுறை சரிபார்ப்பது என்ற எளிய வேலை கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது.

ஆணையில் எழுதிய முகவரிக்கே காவலர்கள் போயும் பேரழிவு நேர்ந்த வீடுகளை நினைக்கும்போது மனம் இன்னும் கனக்கிறது. எங்கள் அட்லாண்டாவிலேயே, 2006 நவம்பர் 21 அன்று, கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற 92 வயது மூதாட்டியின் வீட்டுக் கதவை, தட்டாமல் நுழைய அனுமதிக்கும் ஆணையோடு வந்த காவலர்கள் உடைத்தனர். அந்த வீட்டில் போதைப்பொருள் வாங்கப்பட்டதாக நீதிபதியிடம் அவர்கள் சொன்னது பொய். திருடர்கள் என்று நினைத்து அவர் ஒருமுறை சுட்டார். காவலர்கள் 39 முறை சுட்டனர். பிறகு தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டில் கஞ்சாவைக் கொண்டுவந்து வைத்தனர். மூன்று காவலர்கள் 2009-இல் சிறைத் தண்டனை பெற்றனர். லூயிவில்லில் 2020 மார்ச்சில் வீட்டுக்குள் புகுந்த காவலர்கள் சுட்டதில் பிரியோனா டெய்லர் என்ற பெண் கொல்லப்பட்டதற்கு அடிப்படையான ஆணைக்கான மனுவில் பொய் சேர்த்ததை முன்னாள் துப்பறிவாளர் ஒருவர் 2022-இல் ஒப்புக்கொண்டார். சிகாகோவில் 2019 பிப்ரவரியில், சமூகப் பணியாளரான அஞ்ஜனெட் யங், தவறான வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கதறியபடி, ஆடையின்றி விலங்கோடு நின்றார். தேடப்பட்டவரின் காலில் இருப்பிடத்தைக் காட்டும் மின்னணுப் பட்டை கட்டப்பட்டிருந்தது. காவல் துறை நினைத்திருந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று அறிந்திருக்கலாம். இவற்றில் எந்த வாசலிலும் ஒளிரும் எண் ஒன்று எதையும் மாற்றியிருக்காது.

பலகையோடு வந்த அட்டையில், கோளாறு நேர்ந்தால் ஓராண்டுக்குள் மாற்றித் தரும் உத்தரவாதம் இருக்கிறது. கதவை இழந்தவர்களுக்கு அப்படி எளிதான வழி ஏதுமில்லை. 1973 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் கூட்டரசின் போதைத் தடுப்பு அதிகாரிகள் ஒரே இரவில் இரண்டு குடும்பங்களின் வீடுகளில் தவறாகப் புகுந்ததையடுத்து, இத்தகைய அத்துமீறல்களுக்காகக் கூட்டரசின்மீது வழக்குத் தொடர வகைசெய்து நாடாளுமன்றம் 1974-இல் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் வந்து அரை நூற்றாண்டு கழித்தும் அட்லாண்டா குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அங்கும் நட்ட ஈடு கிடைத்துவிடவில்லை. கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிய காரணங்கள் சரியல்ல, மறுபடி ஆராயுங்கள் என்று ஒன்பது நீதிபதிகளும் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சிறுவனுக்கு அப்போது வயது பதினைந்தை நெருங்கியிருக்கும்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. அவசர ஊர்தி வந்து சேர, தீயணைப்பு வண்டி தேடாமல் நிற்க, இரவில் உணவு கொண்டுவருபவர் பக்கத்து வீட்டை எழுப்பாமலிருக்க, இந்தப் பலகையைத் தயங்காமல் வாங்கலாம். அதற்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். சுவரில் ஒன்றும், அஞ்சல் பெட்டியின் இரு பக்கமும் ஒளி எதிரொளிக்கும் எண்களும் வைப்பது நல்லது. நான் வாங்கிய காரணத்துக்காக இதை வாங்க வேண்டாம். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் மின்கலம்: கோடையில் விடியும்வரை எரிகிறது, டிசம்பரில் பகல் சுருங்கி, மேகமும் சேர்ந்துகொண்டால், அதிகாலை நான்கு மணிக்கே விளக்கு அணைந்துவிடுகிறது. மறுபடி வெளிச்சம் வர இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கம்பி வழியே மின் இணைப்புப் பெறும் வகை பத்து டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.