டிடிஎல் என்று சொல்லி மேனுவல் ஃப்ளாஷைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

செகண்ட் ஹேண்ட் ஃப்ளாஷ் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க. டிடிஎல் ஃப்ளாஷ் என்றால், லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃப்ளாஷ் எவ்வளவு வெட்டணும் என்பதைக் கேமராவே முடிவு செய்யும்; மேனுவல் என்றால் அதை நாமே வைக்கணும். கேனான் பாடியோடு போனால், கடைக்காரர் ஃப்ளாஷை மாட்டி நட்சத்திர பட்டனை அழுத்திக் காட்டுவார். வியூஃபைண்டரில் ஒரு நட்சத்திரம் எரியும். "பாருங்க, லாக் ஆயிடுச்சு, டிடிஎல்தான்" என்பார். அது வெறும் எக்ஸ்போஷர் லாக் (கேமரா அளந்த வெளிச்ச அளவை அப்படியே பிடித்து வைப்பது); ஃப்ளாஷே மாட்டாவிட்டாலும் எரியும். ஃப்ளாஷ் லாக் (ஃப்ளாஷின் ஒளி அளவைப் பிடித்து வைப்பது) விழுந்தால் 'எஃப்இஎல்' என்ற எழுத்து ஒரு கணம் தெரியும், மின்னல் குறிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வரும். முக்கியமாக, ஷட்டர் சத்தமே இல்லாமல் ஃப்ளாஷ் ஒரு தடவை மெல்ல வெட்டும். அந்த வெட்டை வைத்துத்தான் கேமரா ஒளியை அளக்கிறது. வெட்டு இல்லையென்றால் டிடிஎல் இல்லை.

காசு கொடுக்கும் முன் ஃப்ளாஷின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கேனானுக்கானதில் நடுவில் பெரிய பின், கூடவே நாலு சின்னப் பின். நிக்கானுக்கு நடுப் பின், கூடவே மூன்று சின்னப் பின். நடுவில் ஒன்றே ஒன்று என்றால் மேனுவல். யோங்னுவோ ஒய்என்560 அப்படிப்பட்டதுதான். கேனான், நிக்கானில் மாட்டும் கோடாக்ஸ் டிடி600-ம் அதே ஜாதி. பெயரில் உள்ள 'டிடி'யைப் பார்த்து டிடிஎல் என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. சரக்கு மோசமில்லை, ஆனால் டிடிஎல் உள்ள டிடி685 விலைக்கு அதை வாங்கக் கூடாது. டிடி685-லும் நிக்கானுக்கான 'என்' மாடலைக் கேனானில் போட்டால் வெறுமனே வெட்டும், லாக் விழாது.

கேனான் 200டி மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடி. அதன் ஹாட் ஷூவில் (ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுத் தொடர்பே கிடையாது. ஒற்றைப் பின் ஃப்ளாஷ் வெட்டவே வெட்டாது. "கேமராவில் கோளாறு, ஹாட் ஷூ மாத்தணும்" என்று சொன்னால் நம்பி பாடியைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள்.

கடையிலேயே சோதிக்க: எம் மோடு, 1/125, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. ஃப்ளாஷ் டிடிஎல்லில் இருக்கட்டும். கறுப்புப் பையை நடுவில் வைத்து லாக் செய்து, உடனே கடைச் சுவரை எடுங்கள். அடுத்து வெள்ளைத் தாளில் லாக் செய்து அதே சுவர். லாக் சுமார் 16 விநாடிதான் நிற்கும், அதற்குள் எடுக்க வேண்டும். முதல் படம் நன்றாக வெளுத்தும் இரண்டாவது இருண்டும் வரணும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் ஃப்ளாஷை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

எல்லாப் பழியையும் ஃப்ளாஷ் மேல் போடவும் முடியாது. கேனானில் பச்சைக் கட்ட ஆட்டோவில் இந்த லாக் வேலை செய்யாது. நிக்கான் டி3500-ல் இந்த வசதியே இல்லை.

பில்லில் வெறும் 'ஃப்ளாஷ் 1' என்று எழுத விடாதீர்கள். முழு மாடல் எண், கடைசி எழுத்து உட்பட, அதோடு 'டிடிஎல்' என்ற வார்த்தையும் இருக்கட்டும்.