மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின்: வாங்கலாமா?

அப்பாவுக்காக வாங்கிய டிஜிட்டல் பிரஷர் மெஷின் இப்போது வீட்டில் எல்லோருக்கும் உழைக்கிறது. கடையில் மணிக்கட்டில் மாட்டும் வகையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். கை இதய மட்டத்தில் இல்லாவிட்டால் அதில் அளவு தப்பிவிடும் என்பதால் மேல்கையில் கட்டுவதையே கேட்டு வாங்கினேன்.

ஒரே பட்டன்தான். எண்களும் பெரிசு, அப்பா கண்ணாடி போடாமலே படித்துவிடுகிறார். ஆனால் கூட வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு மட்டும். என் கணவரின் கை அதைவிடப் பருமன். பட்டை சிறிதாக இருந்தால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டைக்குத் தனியாகக் காசு கொடுத்தோம். இதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டாமா?

உண்மையான பலன் தெரிந்தது சாப்பாட்டில்தான். டாக்டர் எத்தனை முறை சொல்லியும் கேட்காத அப்பா, தினமும் எண்களை நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகு ஊறுகாயையும் அப்பளத்தையும் தானாகவே தள்ளி வைத்தார். சாயங்காலம் நடக்கவும் போகிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. மோர் மிளகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டு, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் அளக்க வேண்டும். வீட்டில் அடிக்கடி 135/85-க்கு மேல் வந்தால் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அப்புறம், அடாப்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.