வெண்டர்-ரீசெட் மாட்யூல்: பழைய ரேடியான் கார்டை விஎம்முக்குக் கொடுப்பவர்களுக்கு

ஆர்எக்ஸ் 580 மாதிரி ஏஎம்டியின் ஒரு பழைய ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டு கையில் இருக்கிறது, அதை ப்ராக்ஸ்மாக்ஸில் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் சிஸ்டம்) ஓடும் விண்டோஸ் விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) முழுசாகக் கொடுத்துவிடலாம் என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதல் தடவை எல்லாம் நன்றாகவே போகும். விஎம் ஏறும், டிரைவர் ஏறும், கேமும் ஓடும். விஎம்மை நிறுத்திவிட்டு இரண்டாவது தடவை தொடங்கும்போதுதான் சிக்கல். திரை கறுப்பாகவே நிற்கும், விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யு "தெரியாத பிசிஐ ஹெடர் டைப் 127" என்று சொல்லிவிட்டுக் கைவிரித்துவிடும், ஹோஸ்டையே (விஎம்மைத் தாங்கும் அசல் மெஷினையே) ரீபூட் செய்தால்தான் கார்டு மறுபடி உயிர் பெறும். அதே பெட்டியில் வீட்டு என்ஏஎஸ், விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ், கேமரா பதிவு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு விஎம்முக்காக அத்தனையும் இறங்கி ஏற வேண்டும். ஏஎம்டி ரீசெட் பக் என்று பல வருடமாகப் பேசப்படுவது இதுதான். இதற்கான மருந்தாக 2020இல் வந்ததுதான் வெண்டர்-ரீசெட் என்ற கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்த்து ஏற்றும் துண்டு நிரல்). எழுதியவர்கள் ஆடம் மேட்சனும் ஜெஃப்ரி மெக்ரேயும். லுக்கிங் கிளாஸ் (விஎம்மின் திரையை ஹோஸ்டிலேயே காட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்கு மெக்ரேயைத் தெரிந்திருக்கும், அதுவும் அவருடையதுதான். காசு எதுவும் கிடையாது, ஓப்பன் சோர்ஸ்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கார்டு இதன் பட்டியலில் இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஆனால் இது இருக்கிறதே என்று நம்பி அந்தக் கார்டைப் புதிதாகப் போய் வாங்காதீர்கள்.

அந்த 127 எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். கார்டு பதில் சொல்லாமல் போனால் அதன் கான்ஃபிக் பகுதியில் (கார்டு தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் இடம்) எதைப் படித்தாலும் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் வரும். ஹெடர் டைப் இருக்கும் பைட்டும் அப்படியே 255 என்று வரும். அதன் மேல் பிட் "இது பல செயல்பாடுள்ள டிவைஸ்" என்பதற்கான கொடி, அதைக் கழித்தால் மிஞ்சுவது 127. ஆக, அது ஒரு டைப்பே இல்லை, பிசிஐ பஸ்ஸின் (கார்டை மெஷினோடு இணைக்கும் பாதை) அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை என்று அர்த்தம். எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் டிவைஸ் பட்டியலில் ரிவிஷன் எண் எஃப்எஃப் (255ஐ ஹெக்ஸில் எழுதியது) என்று காட்டுவதும் இதே காரணத்தால்தான். இது தெரியாமல் விஎம் செட்டிங்கை நோண்டி நேரத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

விஎம் மூடும்போதும் திறக்கும்போதும் விஎஃப்ஐஓ (டிவைஸை விஎம்மிடம் ஒப்படைக்கும் பகுதி) கர்னலிடம் "இந்த டிவைஸைப் பழைய நிலைக்குக் கொண்டு வா" என்று கேட்கும். கர்னலிடம் அதற்குச் சில வழிகள் உண்டு. குறிப்பிட்ட டிவைஸுக்கென்றே எழுதி வைத்த முறை ஏதாவது இருந்தால் முதலில் அது, அப்புறம் எஃப்எல்ஆர் (ஃபங்ஷன் லெவல் ரீசெட்), பவர் மேனேஜ்மென்ட் வழியாக டி3 என்ற தூக்க நிலைக்குப் போய்த் திரும்புவது, கடைசியில் பஸ் ரீசெட். இவற்றில் எஃப்எல்ஆர்தான் சுத்தமானது, ஏனென்றால் அது கேட்ட ஒரு செயல்பாட்டை மட்டுமே தொடும், விதிப்படி 100 மில்லிவினாடிக்குள் முடிந்துவிட வேண்டும். போலாரிஸ், வேகா, முதல் நாவி என்ற ரேடியான் தலைமுறைகளின் கார்டுகள் பிரச்சினை தருவது இங்கேதான். சாதாரண கேமிங் கார்டுகளில் எஃப்எல்ஆர் கிடையாது, பஸ் ரீசெட் செய்தாலும் சிப்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன கன்ட்ரோலர்கள் பழைய நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். வெளியே ரீசெட் ஆனது போலத் தெரியும், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது.

வெண்டர்-ரீசெட் செய்வது என்னவென்றால், ஏஎம்டியின் சொந்த லினக்ஸ் டிரைவருக்குள் இருக்கும் சிப் அளவிலான ரீசெட் வேலையை வெளியே எடுத்து, விஎஃப்ஐஓ கேட்கும் நேரத்தில் ஓட்டுகிறது. போலாரிஸில் பாக்கோ என்ற முறை. பஸ் இணைப்பு விழித்திருக்க, சிப்பின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி மறுபடி கொடுப்பது. கர்னலின் டிவைஸ் ரீசெட் ஃபங்ஷனை எஃப்டிரேஸ் (கர்னல் ஃபங்ஷன்களை இடையில் பிடிக்க உதவும் வசதி) மூலம் இடைமறித்துத் தன் வேலையை நுழைக்கிறது, அதனால் கர்னலையே பேட்ச் செய்து கம்பைல் பண்ண வேண்டிய அவசியம் இல்லை. இதற்கு முன்னால் நாவிக்கு ஒரு பேட்ச், வேகாவுக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் உட்கார்ந்து கட்டியவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். லாகில் ப்ரீ-ரீசெட், ரீசெட், போஸ்ட்-ரீசெட் என்று வரிசையாக வந்து கடைசியில் ரிசல்ட் 0 என்று முடிந்தால் வேலை ஆகிவிட்டது. இந்த லாக் வரிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிற மென்பொருள் குறைவு.

பட்டியலில் இருப்பவை: ஆர்எக்ஸ் 460 முதல் 590 வரையுள்ள போலாரிஸ் வகை, வேகா 56, 64, ரேடியான் 7, அப்புறம் நாவியில் 5500, 5600, 5700 வரிசை. உங்கள் கார்டு இதில் இல்லையென்றால் இந்த மாட்யூலால் உங்களுக்குப் பயன் இல்லை.

நிறுவுவது கஷ்டம் இல்லை. கர்னல் ஹெடர் பேக்கேஜ், டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது மாட்யூலைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும் கருவி) இரண்டும் இருந்தால் போதும். சிஸ்டம் தொடங்கும்போதே மாட்யூல் ஏறும்படி வைத்துவிடுங்கள். செக்யூர் பூட் வைத்திருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பம் இட வேண்டும், இல்லையென்றால் ஏறாது. பலர் விழுவது இதற்கு அடுத்த படியில். கர்னல் 5.15 முதல் ஒவ்வொரு பிசிஐ டிவைஸுக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ரீசெட் மெத்தட் என்று ஒரு கோப்பு இருக்கிறது, எந்த வழியில் ரீசெட் செய்வது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதில் "டிவைஸ் ஸ்பெசிஃபிக்" என்று நாமாக எழுதினால்தான் வெண்டர்-ரீசெட்டுக்கு அழைப்பே வரும். மாட்யூல் ஏறியிருக்கிறது, பிழை எதுவும் இல்லை, ஆனாலும் கறுப்புத் திரை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஹோஸ்ட் ரீபூட் ஆனால் அந்த மதிப்பு போய்விடும் என்பதால் ஒரு யுடெவ் விதியாகவோ (டிவைஸ் தென்பட்டதும் ஓடுவது) விஎம்மின் ஹூக் ஸ்கிரிப்டிலோ (விஎம் தொடங்கும்போது ஓடுவது) போட்டு வையுங்கள்.

மாட்யூல் போட்டாயிற்று, இனி எப்படி வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் ஷட்டவுன், ஸ்டாப் என்று இரண்டு பட்டன் இருக்கிறது. ஸ்டாப் அழுத்துவது ஓடுகிற கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குகிற மாதிரி, கெஸ்ட்டில் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்தில்) உள்ள டிரைவருக்குக் கார்டை ஒழுங்காக இறக்கி வைக்க நேரமே கிடைக்காது. கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுவி ஷட்டவுன் பயன்படுத்துங்கள். கார்டைச் சேர்க்கும்போது "ஆல் ஃபங்ஷன்ஸ்" பெட்டியை டிக் செய்யுங்கள், ஏனென்றால் கார்டின் கிராஃபிக்ஸ் ஒரு செயல்பாடு, எச்டிஎம்ஐ ஆடியோ இன்னொன்று, பஸ் ரீசெட் என்று வந்தால் இரண்டும் சேர்ந்தே ரீசெட் ஆகும். ஆடியோவை ஹோஸ்ட் பிடித்துக்கொண்டிருந்தால் விஎஃப்ஐஓ அந்த ரீசெட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாததும் சரிதான், வேறு ஆள் பயன்படுத்தும் டிவைஸைக் கேட்காமல் ரீசெட் செய்வது ஆபத்து.

கார்டு மாட்டிக்கொண்டால் விஎம்மைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்க்காதீர்கள். முதலில் எல்எஸ்பிசிஐயில் அந்த எஃப்எஃப் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் டிவைஸை சிஸ்எஃப்எஸ் வழியாக நீக்கி, பஸ்ஸை ரீஸ்கேன் செய்து பார்க்கலாம். எஃப்எஃப் வந்தாலோ, அதற்கும் அசையாவிட்டாலோ ஹோஸ்டைச் சில வினாடி சஸ்பெண்ட் செய்து எழுப்புவது பல போர்டுகளில் வேலை செய்யும், தூங்கும்போது ஸ்லாட்டின் மின்சாரம் நிற்பதால். கடைசி வழி முழுதாக பவர் ஆஃப். "ரெடி ஆகவில்லை, 1023 மில்லிவினாடி" என்று தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும் லாக் வரியைப் பார்த்துப் பதறி கியூஇஎம்யுவைக் கில் பண்ண வேண்டாம், கர்னல் ஏறத்தாழ ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே கைவிடும்.

ரேடியான் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் தவறு. கர்னலின் பிசிஐ விதிவிலக்குக் கோப்பைத் திறந்து படித்தால் பெரிய பட்டியலே இருக்கிறது. ரைசன் மேட்டிஸ் தலைமுறையின் ஆன்போர்டு ஆடியோவும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் எஃப்எல்ஆர் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும், செய்தால் தொங்கிவிடும், அதனால் கர்னல் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. சில ஆதரோஸ் வைஃபை சிப்புகளுக்கு பஸ் ரீசெட் ஆகாது. இன்டெலின் ஒரு என்விஎம்இ டிரைவுக்கு எஃப்எல்ஆருக்குப் பிறகு 250 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும், சாம்சங்கின் ஒன்றுக்கு முதலில் கன்ட்ரோலரை அணைத்துவிட்டுத்தான் எஃப்எல்ஆரே செய்ய வேண்டும். இத்தனையையும் யாரோ தங்கள் மெஷினில் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் செய்யாமல் விட்டதை இப்படி ஆர்வலர்கள் செய்து கொடுப்பதை நான் மிகவும் மதிக்கிறேன், வெண்டர்-ரீசெட்டும் அந்த வகைதான்.

அப்படியானால் புதிதாக வாங்க என்ன வழி? ஆர்எக்ஸ் 6000 வரிசையில் பெரும்பாலான கார்டுகள் இந்த மாட்யூல் இல்லாமலே ஒழுங்காக ரீசெட் ஆகின்றன. அதற்குப் பிறகு வந்த சில மாடல்களில் பழைய புகார்கள் மறுபடி எழுந்திருக்கின்றன, அதனால் அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பாஸ்த்ரூவில் (இப்படி விஎம்முக்கு முழுசாகக் கொடுத்து) ஓட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். என்விடியா கார்டுகள் பொதுவாக பஸ் ரீசெட்டிலேயே திரும்பி வந்துவிடும், 2021இல் 465 வரிசை டிரைவர் வந்த பிறகு ஜீஃபோர்ஸை விஎம்மில் தடுக்கும் எரர் 43 தொல்லையும் இல்லை.

வெண்டர்-ரீசெட்டின் பெரிய குறை, அது கர்னலுக்கு வெளியே வாழ்கிறது என்பதுதான். கர்னலின் உள்ளமைப்பு மாறினால் டிகேஎம்எஸ் கம்பைல் தோற்கும், மாட்யூல் இல்லாமலே ஹோஸ்ட் ஏறிவிடும், விஎம்மை இரண்டாவது தடவை தொடங்கும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே பெரிய கர்னல் அப்டேட் வந்தால் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள், கம்பைல் ஆகவில்லை என்றால் ப்ராக்ஸ்மாக்ஸின் பூட் டூலில் பழைய கர்னலையே நிலையாகப் பொருத்தி (பின் செய்து) அதிலேயே ஓட்டுங்கள்.